புதுப்பிக்கத்தக்க எரிசக்தி: மூலங்களும் அவற்றின் பொருளாதாரமும்

(பொருளாதார மாணவர்களுக்கும் பயிற்சி பெறும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மத்திய அரசின் நிர்வாக அமைப்பில் இத்துறைக்கு அவ்வப்போது இடப்பட்ட பெயர்களே ஒரு வரலாற்றைக் கூறும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், 1979இல் ஏற்பட்ட இரண்டாவது விலையேற்றமும் நாட்டின் அந்நியச் செலாவணி நிலையைக் கடுமையாகப் பாதித்தன. அதன் விளைவாக 1981இல் கூடுதல் எரிசக்தி மூலங்களுக்கான ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மரபு சாரா எரிசக்தித் துறை தோன்றியது. 1992இல் அது தனி அமைச்சகமாயிற்று. 2006இல் அதன் பெயர் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என மாற்றப்பட்டது. 'மரபு சாரா' என்ற சொல் கைவிடப்பட்டது நல்லதே. விறகும் சாணமும் காற்றும் ஓடும் நீரும் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தவை. பாய்மரக் கப்பல் காற்றால் ஓடியது. இமயமலைக் கிராமங்களில் கராட் எனப்படும் நீர்த்திரிகைகள் நெடுங்காலமாக மாவரைத்து வந்துள்ளன. நிலக்கரியும் எண்ணெயுமே மனித வரலாற்றில் நேற்று வந்தவை.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்பதன் இலக்கணம் எளிது. எடுத்துப் பயன்படுத்துவதால் குறையாமல், இயற்கையின் ஓட்டத்தில் மீண்டும் மீண்டும் கிடைப்பது அது. நிலக்கரியைக் குதிரில் சேமித்த நெல்லுக்கு ஒப்பிட்டால், சூரிய ஒளியை அன்றாடக் கூலிக்கு ஒப்பிடலாம். குதிரில் உள்ள நெல் என்றாவது ஒரு நாள் தீரும். ஆயினும் வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். அன்றாடக் கூலி என்றும் வந்துகொண்டிருக்கும். ஆயினும் நாளைய கூலியை இன்றே பெற இயலாது, இன்று செலவழிக்காததைச் சேமித்து வைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இத்துறையின் பொருளாதாரச் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும்.

மெகாவாட்டும் யூனிட்டும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் சரிபாதி, புதைபடிவ எரிபொருள் சாராத மூலங்களைச் சேர்ந்ததாயிற்று. மொத்தத் திறன் ஏறத்தாழ 4,85,000 மெகாவாட். அதில் நீர், காற்று, சூரிய ஒளி, உயிரிப்பொருள், அணு ஆகிய ஐந்தும் சேர்ந்து ஏறத்தாழ 2,43,000 மெகாவாட். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2030க்குள் அடைவதாக இந்தியா உறுதியளித்திருந்த இலக்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் 2024-25 நிதியாண்டில் நாட்டில் உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டிய அளவு நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. பாதித் திறன், கால் பங்கு மின்சாரம். இவ்விரண்டு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருப்பது எவ்வாறு என்பதே மாணவர் முதலில் தெளிய வேண்டிய வினா.

ஒரு மெகாவாட் திறனுள்ள இயந்திரம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். எந்த நிலையமும் அவ்வாறு ஓடுவதில்லை. அனல்மின் நிலையம் இதில் 60 முதல் 70 சதவிகிதம் வரை தருகிறது. காற்றாலை, இடத்தைப் பொறுத்து, 25 முதல் 35 சதவிகிதம். சூரிய மின் நிலையம் 20 முதல் 25 சதவிகிதம். சூரியன் இரவில் இல்லை, காலையிலும் மாலையிலும் சாய்ந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஆகவே ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையத்தின் வேலையை யூனிட் கணக்கில் ஈடுசெய்ய ஏறத்தாழ மூவாயிரம் மெகாவாட் சூரிய மின் நிலையம் வேண்டும். அறிக்கைகளில் மெகாவாட்டையே எடுத்துக் கூறும் வழக்கம் பரவியுள்ளது. அடிக்கல் நாட்டுவதற்கு மெகாவாட் ஏற்றது. நாட்டின் கணக்குக்கு யூனிட்டே ஏற்றது.

அடுத்தது விலை. சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எவரும் விலை கேட்பதில்லை. இதனால் இம்மின்சாரம் இலவசமாகவோ, இலவசத்தை ஒட்டியோ கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் பொதுமக்களிடையே உண்டு. ஓர் எளிய கணக்கு இவ்வெண்ணத்தைத் திருத்தும். ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்க 4 கோடி ரூபாய் ஆகிறது என்றும், ஆண்டுக்கு 17.5 லட்சம் யூனிட் கிடைக்கிறது என்றும், ஆயுள் 25 ஆண்டுகள் என்றும் வைத்துக்கொள்வோம். முதலைச் சமமான ஆண்டுத் தவணைகளில் வட்டியோடு மீட்பதானால், 6 சதவிகித வட்டியில் ஒரு யூனிட்டின் மீது ஏறும் சுமை 1 ரூபாய் 79 காசு. வட்டி 10 சதவிகிதமானால் அது 2 ரூபாய் 52 காசு. 14 சதவிகிதமானால் 3 ரூபாய் 33 காசு. அதே பலகை, அதே வெயில், அதே நிலம். மாறியது வட்டி மட்டுமே. அனல்மின் நிலையத்தில் செலவின் பெரும்பகுதி எரிபொருளுக்காக ஆண்டுதோறும் ஏற்படுவது. வட்டி உயர்ந்தாலும் விலை இவ்வளவு துள்ளாது. இங்கோ இருபத்தைந்து ஆண்டுக்கான எரிபொருளை முதல் நாளிலேயே இயந்திரமாக வாங்கி வைப்பது போன்ற நிலை.

மின்சாரத்தை வாங்கும் வினியோக நிறுவனம் காலத்தில் பணம் செலுத்துமா, கையெழுத்திட்ட ஒப்பந்தம் நிலைக்குமா என்ற ஐயங்களை வங்கிகள் வட்டியாகவே மாற்றிக் கணக்கிடுகின்றன. 2019இல் ஒரு தென்மாநிலத்தில், முன்பு உயர்ந்த விலையில் செய்துகொண்ட ஒப்பந்தங்களைத் திருத்த முற்பட்டபோது, நீதிமன்றத் தீர்ப்பு வர 2022 ஆயிற்று. பழைய விலை உயர்ந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதனால் மிச்சமாகும் காசு, அடுத்து வரும் ஒவ்வொரு திட்டத்தின் வட்டியிலும் திரும்ப வசூலிக்கப்படும். நிலுவைத் தொகைகளைத் தவணையில் தீர்க்கவும், காலம் தாழ்த்துவோர்க்குக் கூடுதல் மின்சாரம் கிடைப்பதைக் கட்டுப்படுத்தவும் 2022இல் மத்திய அரசு வகுத்த விதிகள், வெளிப்பார்வைக்கு நிதி நிர்வாகம் பற்றியவை. உள்ளபடி அவை சூரிய மின்சாரத்தின் விலை பற்றியவையே.

சூரிய ஒளி

இந்தியாவின் பெரும்பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 4 முதல் 7 யூனிட் வரை சூரிய ஆற்றல் விழுகிறது. இதைப் பயன்படுத்தும் வழிகள் இரண்டு. ஒன்று வெப்பமாகக் கொள்வது. மற்றொன்று ஒளியை நேரே மின்சாரமாக மாற்றுவது. முதல் வழியே முந்தியது. 1950களிலேயே தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் சூரிய அடுப்பு ஒன்றை வகுத்து வெளியிட்டது. அது வீடுகளில் நிலைபெறவில்லை. நண்பகலில், வெட்டவெளியில் மட்டுமே சமைக்கக்கூடிய அடுப்பு அது. இந்தியக் குடும்பங்களில் உலை ஏறுவதோ விடியலிலும் அந்தி சாய்ந்த பின்னரும். தேவைப்படும் நேரமும் கிடைக்கும் நேரமும் பொருந்தாமை என்ற இதே சிக்கல், எழுபது ஆண்டுகளுக்குப் பின் இன்று நாட்டின் மின் தொகுப்பையே எதிர்கொண்டு நிற்கிறது.

ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. நெடுங்காலம் அது விண்கோள்களுக்கும் எட்டாத தொலைவிலுள்ள நிலையங்களுக்கும் மட்டுமே கட்டுபடியாகும் பொருளாக இருந்தது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டு ஜனவரியில் தேசிய சூரிய சக்தி இயக்கம் தொடங்கப்பட்டபோது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. ஏல முறை புகுத்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே 11 ரூபாய்க்கும் குறைவான கேட்பு வந்தது. 2017இல் ராஜஸ்தானின் பாட்லாவில் விலை 2 ரூபாய் 44 காசாகவும், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசாகவும் இறங்கியது. பத்தாண்டுகளில் ஒரு பண்டத்தின் விலை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது பொருளாதார மாணவர் அடிக்கடி காணக்கூடிய நிகழ்ச்சியன்று. உலக அளவில், முதன்மையாகச் சீனாவில், பலகை உற்பத்தி பெருகியது ஒரு காரணம். ஏலப் போட்டி மற்றொன்று. பூங்கா முறையில் நிலத்தையும் மின்கம்பிப் பாதையையும் அரசே ஆயத்தம் செய்து கொடுத்தமை மூன்றாவது. மத்தியப் பிரதேசத்தின் ரேவா பூங்காவில் வாங்குபவரின் பணத்துக்கு மாநில அரசு உத்தரவாதம் அளித்ததும் அவ்வேலத்தில் விலை இறங்க உதவியது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தின் ஒரு பகுதியில் தில்லி மெட்ரோ ரயில் ஓடுகிறது.

எண்ணெய் இறக்குமதிக்குப் பதிலாகப் பலகை இறக்குமதி என்ற புதிய சார்பு தோன்றிவிட்டதே என்ற கவலை நியாயமானது. 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பலகைகள் மீது 40 சதவிகிதச் சுங்கவரி விதிக்கப்பட்டதும், உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகை வழங்கப்படுவதும் இக்கவலையின் விளைவே. ஆனால் இரு சார்புகளும் ஒரே தன்மையன அல்ல. எண்ணெய்க் கப்பல் வராவிட்டால் சில வாரங்களில் வாகனங்கள் நிற்கும். பலகைக் கப்பல் வராவிட்டால் புதிய நிலையங்கள் தாமதமாகும். நிறுவியவை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து மின்சாரம் தரும்.

காற்று

காற்றாலையில் நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். எனவே இடத்தேர்வே எல்லாம். 1986இல் குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, தமிழ்நாட்டின் தூத்துக்குடி ஆகிய கடலோரப் பகுதிகளில் 55 கிலோவாட் இயந்திரங்களுடன் முதல் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் முப்பந்தல் போன்ற இடங்கள் புகழ்பெற்றன.

1990களில் காற்றாலை வளர்ந்த விதம் நிதித்துறை அலுவலர்கள் ஆழ்ந்து கற்க வேண்டிய பாடம். காற்றாலையில் முதலிடுவோர் முதலாண்டிலேயே அதன் முழு மதிப்பையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்துக்குள் இயந்திரத்தை நிறுவும் அவசரம் எங்கும் காணப்பட்டது. காற்றைப் பற்றி அக்கறை இல்லாத, வேறு தொழில்களில் இலாபம் ஈட்டிய நிறுவனங்கள் காற்றாலை உடைமையாளர்களாயின. நிறுவியதற்கு வரிச்சலுகை கிடைத்தது, சுழன்றதற்கு அல்ல. மெகாவாட் பெருகியது, யூனிட் அந்த அளவுக்குப் பெருகவில்லை. தேய்மான விகிதம் பின்னர் 80 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. 2009இல், தொகுப்புக்கு அளிக்கப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்ற திட்டம் வந்தது. சலுகையின் தொகையைக் காட்டிலும், அது எதன்மேல் கட்டப்படுகிறது என்பதே விளைவை நிர்ணயிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அக்காலத்தின் மற்றொரு எச்சமும் உண்டு. நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் நிலங்களில் பழைய சிறு இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை அகற்றி, மூன்று மெகாவாட்டுக்கும் மேற்பட்ட இன்றைய இயந்திரங்களை நிறுவுவதற்கான கொள்கை 2016இல் அறிவிக்கப்பட்டு 2023இல் திருத்தப்பட்ட பின்னரும், சிதறிய உடைமை காரணமாகப் பணி மெதுவாகவே நடக்கிறது.

நீர்

இந்தியாவில் மின்சாரத்தின் தொடக்கமே நீரோடு பிணைந்தது. 1897இல் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 130 கிலோவாட் நிலையமும், 1902இல் காவிரியில் சிவசமுத்திரமும் இயங்கத் தொடங்கின. சிவசமுத்திர மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. 25 மெகாவாட் வரையுள்ள சிறு நிலையங்களே நெடுங்காலம் புதுப்பிக்கத்தக்கவை எனக் கருதப்பட்டன. 2019 மார்ச்சில் பெரிய நீர்மின் நிலையங்களும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. நீர் புதுப்பிக்கத்தக்கதே, ஆனால் அணை மூழ்கடிக்கும் நிலமும், இடம்பெயரும் குடும்பங்களும் அவ்வாறு அல்ல. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனியாற்று ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம், 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலையின் அணையை அடித்துச் சென்றது. இளம் மலைகளான இமயத்தில் ஆபத்தின் கணக்கையும் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும்.

நீர்மின் நிலையத்தின் தனிச்சிறப்பு, மதகைத் திறந்த சில நிமிடங்களில் மின்சாரம் தரவும் மூடியவுடன் நிறுத்தவும் வல்லது என்பதே. இதன் முக்கியத்துவம் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

உயிரிப்பொருள்

மின்சாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மறக்கப்படும் மூலம் இது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்திய குடும்பங்கள் 58.6 சதவிகிதம். எஞ்சிய ஐந்தில் இரண்டு பங்குக் குடும்பங்களில் விறகும் வரட்டியும் சுள்ளியுமே அடுப்பெரித்தன. அவற்றைச் சேகரிப்பதும், புகையைச் சுவாசிப்பதும் பெண்களின் பங்கு. புதுப்பிக்கத்தக்கது எல்லாம் தூயது அன்று என்பதற்கு விறகடுப்பே சான்று.

சாணத்தை எரிக்காமல், காற்றுப்படாத கலனில் நொதிக்கவைத்து எரிவாயுவும் எருவும் ஒருங்கே பெறும் முறை, 1939இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசாய் நடத்திய ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் மிதக்கும் உருளை அமைப்பைப் பரப்பியது. 1981-82இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் தொடங்கியது. தொழில்நுட்பத்தில் குறையில்லை. குறை பங்கீட்டில் இருந்தது. ஒரு வீட்டுக் கலனுக்கு நான்கைந்து மாடுகளேனும் வேண்டும். மாடு வைத்திருப்பவர் மானியமும் பெற்று எரிவாயுவும் பெற்றார். அதுவரை தெருவில் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வரட்டி தட்டி அடுப்பெரித்த ஏழைக்கோ, சாணம் விலையுள்ள பண்டமாகிவிட்டதால், இருந்த எரிபொருளும் போயிற்று.

இதற்கு மாற்றுக் கண்ட கிராமம் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துப் புரா. ஐந்நூறு பேருக்கும் குறைவானோர் வாழ்ந்த அச்சிற்றூரில், இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப மையம் பொதுக் கலன் ஒன்றை அமைத்தது. முதலில் எல்லா வீடுகளுக்கும் சமையல் எரிவாயு தருவது நோக்கம். ஊரின் மொத்தச் சாணமும் அதற்குப் போதவில்லை, முயற்சி நின்றது. ஆய்வாளர்கள் திட்டத்தைக் கைவிடாமல், ஊர் மக்களின் முதல் தேவை என்ன என்று விசாரித்தனர். குடிநீர் என்பதே விடை. 1987 முதல் அதே எரிவாயு ஒரு சிறு டீசல் இயந்திரத்தை ஓட்டியது, ஐந்து கிலோவாட் மின்சாரத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் குழாய்களுக்கு ஏறியது, வீடுகளில் விளக்கெரிந்தது. சாணம் கொண்டுவந்தவருக்குக் கிலோவுக்கு 2 காசு கூலியும், கொடுத்த அளவுக்கு ஏற்ப எருவும் திரும்பக் கிடைத்தன. மாடு இல்லாத வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. சமையலுக்குப் போதாத அதே சாணம் குடிநீருக்கும் விளக்குக்கும் போதுமானதாயிற்று. எந்த மூலத்தை எந்தத் தேவைக்கு ஒதுக்குவது என்ற தேர்வு, அம்மூலம் எவ்வளவு உள்ளது என்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

கரும்புச் சக்கையிலிருந்து சர்க்கரை ஆலைகள் மின்சாரம் தயாரிப்பதும், பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. கலப்பு விகிதம் 2025இல் 20 சதவிகிதத்தை எட்டியது. கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் எத்தனாலுக்குச் செல்லும்போது, நீருக்கும் உணவுக்கும் தீவனத்துக்கும் ஏற்படும் போட்டி தனி உரைக்குரிய பொருள்.

கடலலை, ஓதம், புவிவெப்பம் ஆகியவை இன்றளவும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. 1991இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலைமின் நிலையம் அமைக்கப்பட்டது. அது தொடர்ந்து நிலைக்கவில்லை. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்பத்துக்காகத் துளையிடும் பணி நடந்துள்ளது. இவற்றை நம்பித் திட்டமிடும் காலம் இன்னும் வரவில்லை.

நேரத்தின் விலை

2024 மே 30ஆம் நாள் நாட்டின் மின்தேவை 2,50,000 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அது கோடைப் பகற்பொழுது. சூரிய மின்சாரம் துணைநின்றது. அதிகாரிகளின் உறக்கத்தைக் கெடுப்பது பகலன்று, அந்தி. மாலை ஆறு மணிக்குமேல் சூரிய உற்பத்தி சுழியமாகும். அதே வேளையில் விளக்குகளும் குளிர்சாதனங்களும் ஓடத் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பல்லாயிரம் மெகாவாட் வேறெங்கிருந்தோ வர வேண்டும். அனல்மின் நிலையத்தை நண்பகலில் அணைத்துவிட்டு மாலையில் மூட்ட இயலாது. கொதிகலன் அதற்கென அமைந்ததன்று. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் அந்நிலையங்களைத் திறனின் 55 சதவிகிதம் வரை தாழ்த்தி ஓட்டவும், பின்னர் படிப்படியாக 40 சதவிகிதத்துக்கு இறங்கவும் பணிக்கின்றன. அதற்கும் கீழே இறங்க முடியாதபோது, நண்பகலில் மின்சாரம் மிகும். 2025இல் ராஜஸ்தானில் சில சூரிய நிலையங்கள் நல்ல வெயிலில் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்ததற்கு இம்மிகையும், மின்கம்பிப் பாதைகள் ஆயத்தமாகாமையும் சேர்ந்து காரணமாயின. சூரிய நிலையம் ஒன்றரை ஆண்டில் எழுந்துவிடும். அதன் மின்சாரத்தைத் தொலைவிலுள்ள நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் உயரழுத்தப் பாதைக்கு அதைப்போல் இருமடங்கு காலமாவது வேண்டும். அப்பாலைநிலத்தில் அருகிவரும் கானமயில் கம்பிகளில் மோதி மடிவது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2021இல் பிறப்பித்து 2024இல் திருத்திய ஆணையும் பாதைகளின் போக்கைப் பாதித்தது.

ஆகவே இனி நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒரே பண்டமல்ல. நண்பகல் யூனிட்டை எட்டு மணிக்கு எடுத்துச் செல்வதே சேமிப்பு. இதற்குப் பழகிய வழி நீரேற்று நிலையம்: மிகை மின்சாரத்தால் கீழ்நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. நூறு யூனிட் செலவிட்டால் எழுபத்தைந்து முதல் எண்பது வரை திரும்பக் கிடைக்கும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையமும், மேற்கு வங்கத்தின் புரூலியாவில் 900 மெகாவாட் நிலையமும் இவ்வகையின. மின்கல அடுக்குகள் மற்றொரு வழி. 2022இல் மெகாவாட் ஒன்றுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கப்பட்ட சேமிப்பு வாடகை, 2025க்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. சூரியப் பலகையின் விலை சரிந்த கதை இங்கு மீண்டும் நடைபெறுகிறது எனலாம்.

சேமிப்பதைவிட மலிவான வழி தேவையையே நகர்த்துவது. 2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிட 20 சதவிகிதமேனும் குறைவாக இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. மணிவாரியாக அளக்கும் மீட்டர் இல்லாத வீட்டில் இவ்விதி எழுத்தளவிலேயே நிற்கும்.

நிலமும் நீரும்

ஒரு மெகாவாட் சூரிய நிலையத்துக்கு நான்கைந்து ஏக்கர் நிலம் தேவை. புரா அமைந்துள்ள அதே தும்கூர் மாவட்டத்தின் வறண்ட பகுதியான பாவகடாவில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா அமைந்தது. நிலத்தைக் கையகப்படுத்தாமல், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் குத்தகை, ஈராண்டுக்கு ஒருமுறை 5 சதவிகித உயர்வு என்று உடன்பாடு செய்துகொண்டது பாராட்டத்தக்க முறை. மழை பொய்த்த நிலத்துக்கு உரியவர் உரிமையை இழக்காமல் நிலையான வருவாய் பெற்றார். ஆனால் அந்நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கும், அறுவடைக்குப்பின் அங்கு ஆடு மேய்த்தவருக்கும் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை. மாடு இல்லாதவருக்குச் சாணம் இல்லாமற்போனதும், நிலம் இல்லாதவருக்கு வேலை இல்லாமற்போனதும் ஒரே வகைச் சிக்கல். திட்ட அறிக்கை தயாரிக்கும் அலுவலர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உடைமையற்றோர் இப்போது அம்மூலத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதே.

வீட்டுக் கூரைகளுக்கு நிலம் வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வழங்குகிறது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அதிகம் நுகர்ந்து உயர்ந்த கட்டணம் செலுத்துவோரே கூரையும் கடன் தகுதியும் உடையோர். அவர்கள் தொகுப்பிலிருந்து வாங்குவதைக் குறைத்தால், அவர்களின் கட்டணத்தால் ஈடுகட்டப்பட்டு வந்த ஏழை வீடுகளின் சலுகை விலைக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி வினியோக நிறுவனங்களின் முன் நிற்கிறது.

வேளாண் பம்புகளே சூரிய மின்சாரத்துக்கு இயல்பாகப் பொருந்தும் தேவை. பயிருக்கு நீர் எந்த மணியில் பாய்ந்தாலும் தாழ்வில்லை. மண்ணே சேமிப்புக் கலன். பல மாநிலங்களில் விவசாயிகள் இரவில் மின்சாரம் வரும்வரை விழித்திருந்து, பாம்புக்கும் குளிருக்கும் இடையே மடை திருப்பி வந்தனர். குஜராத் 2020இல் தொடங்கிய கிசான் சூர்யோதயத் திட்டம் அவ்விநியோகத்தைப் பகலுக்கு மாற்ற முனைந்தது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டம் சூரிய பம்புகளுக்கு மானியம் அளிக்கிறது. எரிபொருள் செலவற்ற பம்பு நாள் முழுவதும் ஓடினால் நிலத்தடி நீர் என்னாகும் என்பது அடுத்த அச்சம். மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது, அது இறைக்கும் ஆழ்நீர் பல வட்டாரங்களில் அவ்வளவு விரைவில் புதுப்பிக்கத்தக்கதன்று.

குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி கிராமத்தில், பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, ஆறு விவசாயிகள் 2016இல் ஒரு கூட்டுறவுச் சங்கமாக இணைந்தனர். அவர்களின் சூரிய பம்புகள் மின் தொகுப்போடு இணைக்கப்பட்டன. பாசனத்துக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை வினியோக நிறுவனம் விலைகொடுத்து வாங்க உடன்பட்டது. இதனால் விவசாயிக்கு, இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விற்காமல் விட்ட யூனிட்டுகளின் கணக்காக மாறியது. வயலுக்கு இன்று தண்ணீர் வேண்டுமா, அல்லது வெயிலை விற்றுவிடலாமா என்பதை அவ்விவசாயி காலையில் பயிரையும் மீட்டரையும் பார்த்து முடிவு செய்கிறார்.